மறுமொழியின் கலை: டி. ஏ. மதுரம்

மெய்ப்பாடுகள் எட்டனுள் நகையை முதலில் வைத்துப் பேசியது தொல்காப்பியம். அந்நகை பிறக்கும் நிலைக்களங்கள் நான்கனுள் எள்ளலும் ஒன்று. எள்ளலுக்கு இரு முகங்கள் உண்டென உரையாசிரியராகிய பேராசிரியர் விளக்குவார். பிறரைத் தான் எள்ளி நகுவது ஒரு முகம். பிறரால் தான் எள்ளப்பட்டு நகுவது மற்றொரு முகம். தமிழ் மேடையின் வரலாற்றை இவ்விளக்கத்தின் துணையோடு நோக்கினால் ஓர் உண்மை புலப்படும். எள்ளும் உரிமை நெடுங்காலம் ஆடவர் கையிலேயே இருந்தது.

திருவண்ணாமலையைச் சூழ்ந்த சிற்றூர்களில் திரௌபதியம்மன் கோயில் திருவிழாவையொட்டி இரவு முழுதும் நடைபெறும் பாரதக் கூத்தைக் கண்டவர்க்கு இதனை விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. கட்டியங்காரன் அரசனையும் எள்ளுவான், அவையோரையும் எள்ளுவான், வேடம் கட்டிவந்த அரசியையும் விடமாட்டான். ஆனால் அந்த அரசி மரபுப்படி ஓர் ஆடவரே. புரிசை முதலிய ஊர்களில் தலைமுறை தலைமுறையாய்ப் போற்றப்பட்ட கூத்து மரபிலும் பெண் வேடம் ஆடவர்க்கே உரியதாய் இருந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஊர் ஊராய்ச் சென்ற பாய்ஸ் கம்பெனிகளிலும் சிறுவர்களே பெண் வேடம் புனைந்தனர். கும்பகோணம் பாலாமணி அம்மாள் பெண்களே நடிக்கும் குழுவொன்றை நடத்தினார், கே. பி. சுந்தராம்பாள் இசையால் மேடையை ஆண்டார். ஆயினும், நகைச்சுவைக் களத்தில் ஆடவனுக்கு எதிரே நின்று, அவன் சொல்லுக்குச் சொல் மறுமொழி தந்து, அவனைத் திகைக்கவைத்து அவையைச் சிரிக்கவைக்கும் பெண்குரல் பரவலாய் எழுந்தது பேசும்படம் வந்த பின்னரே. அக்குரல்களுள் தலைசிறந்தது டி. ஏ. மதுரம் அம்மையாருடையது.

கலைவாணர் என். எஸ். கிருஷ்ணனின் துணைவியார் என்றே அவரை உலகம் அறியும். அது பொய்யன்று, முழு உண்மையும் அன்று.

திருச்சியிலிருந்து பூனாவுக்கு

மதுரம் 1918-ஆம் ஆண்டு பிறந்தவர், திருச்சிராப்பள்ளியைச் சேர்ந்தவர். ஏ. வி. மெய்யப்பன் தம் தொடக்க காலத்தில் எடுத்த படங்களுள் ஒன்றாகிய ரத்னாவளி 1935-இல் வெளிவந்தது. அதுவே மதுரத்தின் முதற் படம். அப்போது அவருக்குப் பதினேழு வயது.

தமிழ்ப் பேசும்படம் தோன்றி நான்கு ஆண்டுகளே ஆகியிருந்த காலம் அது. சென்னையில் ஒலிப்பதிவு வசதி கொண்ட படப்பிடிப்பு நிலையங்கள் மிகச் சிலவே இருந்தன. ஆகவே தமிழ்ப் படங்கள் பல கல்கத்தாவிலும் பம்பாயிலும் பூனாவிலும் உருவாயின. நடிகரும் பாடகரும் சமையற்காரரும் ஒரே இரயிலில் ஏறிச் சென்று, மொழி அறியா ஊரில் மாதக்கணக்கில் தங்கினர். நாடகக் கம்பெனி வாழ்க்கையின் மற்றொரு வடிவமே அது. அவ்வாறு பூனா சென்ற குழுக்களுள் ஒன்று, ராஜா சாண்டோ இயக்கிய வசந்தசேனா படத்தின் குழு. படம் 1936-இல் வெளியாயிற்று. அதில் நடிக்கச் சென்ற இடத்தில்தான் மதுரமும் கிருஷ்ணனும் அறிமுகமாயினர்.

கிருஷ்ணன் நாகர்கோவிலையடுத்த ஒழுகினசேரியில் 1908-இல் பிறந்தவர். டி. கே. எஸ். சகோதரர்களின் நாடகக் குழுவில் பயின்று தேறியவர். வில்லுப்பாட்டு மரபில் ஊறியவர். மதுரத்தைவிடப் பத்து வயது மூத்தவர். பூனாவிலேயே இருவருக்கும் திருமணம் நடந்தது. கிருஷ்ணன் முன்பே மணமானவர் என்பது அப்போது மதுரத்துக்குத் தெரியாது. அவர் அதனை மறைத்திருந்தார். உண்மை பின்னரே வெளிப்பட்டது.

கலைவாணரின் பெருந்தன்மையைப் பேசும் நூல்கள் இந்நிகழ்ச்சியை ஒரு வேடிக்கைக் கதைபோலச் சொல்லி நகர்ந்துவிடுவது வழக்கம். பதினெட்டு வயதுப் பெண்ணொருத்தியின் பக்கத்தில் நின்று பார்த்தால் அது வேடிக்கையாகத் தோன்றாது. மதுரம் அம்மணவாழ்வை விட்டு விலகவில்லை. பின்னர் அவருக்குப் பிறந்த பெண்குழந்தை மழலைப் பருவத்திலேயே மறைந்தது. அதன்பின் அவருக்குப் பிள்ளைப்பேறு வாய்க்கவில்லை. தம் தங்கையையே கணவர்க்கு மணம் முடித்துவைத்து, அவர் பெற்ற பிள்ளைகளைத் தம் பிள்ளைகளாகக் கருதி வளர்த்தார். தமிழகத்தையே சிரிக்கவைத்த இல்லத்தின் உட்புறம் இத்தன்மையது. இதனை மறைத்துவிட்டு மதுரத்தின் கலையைப் பாராட்டினால் அப்பாராட்டுக் குறைபட்டதாகவே அமையும்.

இருவர் வளர்த்த சிரிப்பு

1930-களின் பிற்பகுதியிலிருந்து கிருஷ்ணன்–மதுரம் இணை இல்லாத பெரிய படம் அரிதாயிற்று. அம்பிகாபதி (1937), திருநீலகண்டர் (1939), உத்தமபுத்திரன் (1940), அசோக்குமார் (1941), ஆர்யமாலா (1941), கண்ணகி (1942), மனோன்மணி (1942), சிவகவி (1943) என அப்பட்டியல் நீளும். கதைத் தலைவர்கள் மாறினர், இயக்குநர்கள் மாறினர், சிரிப்புக்கு உரிய இணை மாறவில்லை. நகைச்சுவைப் பகுதியைத் தாமே அமைத்து, தம் குழுவினரைக் கொண்டே நடித்துத் தருவது கிருஷ்ணனின் வழக்கம். மூலக் கதை புராணமாயினும் அரச கதையாயினும், இடையிடையே வரும் இவ்விருவரின் பகுதி அன்றைய தெருவையும் வீட்டையும் திரைக்குக் கொண்டுவந்தது.

அப்பகுதிகளின் அமைப்பை ஊன்றி நோக்கினால் மதுரத்தின் இடம் விளங்கும். ஆண் பாத்திரம் பெரும்பாலும் ஒரு சூழ்ச்சியோடோ வீண்பெருமையோடோ தொடங்கும். பெண் பாத்திரம் அதனைக் கேட்டுக்கொண்டிருக்கும். உடனே மறுக்காது. கண்ணை அகல விரித்து, தலையை மெல்ல ஆட்டி, எதிராளி தன் பேச்சாலேயே தன்னைக் கட்டிக்கொள்ளும்வரை காத்திருக்கும். பிறகு ஒரு சிறு சொல். அவ்வளவில் பெருமை சரிந்துவிடும். அவையின் சிரிப்பு எழுவது பேசியவனின் சொல்லில் அன்று. அவள் தந்த மறுமொழியில். கிருஷ்ணனின் மேதைமை, தாம் தோற்கும்படியாகக் காட்சியை அமைத்தது. மதுரத்தின் மேதைமை, அவ்வெற்றியை அடக்கத்தோடு பெற்றுக்கொண்டது. வென்ற பெண்ணின் முகத்தில் ஆரவாரம் இராது. அன்றாட வேலைக்குத் திரும்பும் பெண்ணின் முகமாகவே அது இருக்கும்.

பாட்டிலும் இம்முறையே நிலவியது. பின்னணிப் பாடல் பரவும் முன்பிருந்தே இருவரும் தம் குரலிலேயே பாடினர். உடுமலை நாராயணகவி போன்றோர் எழுதிய பாடல்கள் பல வினாவும் விடையுமாக அமைந்தவை. லாவணியின் எதிர்ப்பாட்டும் நாட்டுப்புற ஏசல் பாட்டும் அவற்றின் வேர்கள். மதுரத்தின் குரல் இசையரங்குக்கு உரிய குரலன்று. சொல் ஒன்றுகூடச் சிதையாமல், பேச்சின் ஏற்றத்தாழ்வோடு, தாளத்தில் இம்மியும் பிசகாமல் வரும் குரல் அது. கவிஞனின் சொல் கேட்பவனைச் சென்றடைய வேண்டுமானால் பாடகனின் நெளிவுகளைவிட இத்தகைய தெளிவே துணையாகும் என்பதை உடுமலையார் அறிந்திருக்க வேண்டும்.

பம்மல் சம்பந்த முதலியாரின் சந்திரஹரி நாடகம் 1941-இல் படமாயிற்று. உண்மையே பேசிய அரிச்சந்திரன் கதையைத் தலைகீழாக்கி, பொய்யே பேசும் ஒருவனைத் தலைவனாக்கிய அங்கதம் அது. கிருஷ்ணன் தலைவனாகவும் மதுரம் அவனுக்கு இணையாகவும் நடித்தனர். துணைப்பகுதியாகவே இருந்துவந்த நகைச்சுவை முழுக் கதையையும் தாங்க வல்லது என்பதை இவ்விணை காட்டிய இடம் இது. அதே 1941-இல் வெளிவந்த சபாபதி படத்தில் காளி என். ரத்தினமும் சி. டி. ராஜகாந்தமும் மற்றோர் இணையாய் விளங்கினர். பெண் நகைச்சுவை அப்போது ஒருவரோடு நின்ற வியப்பாக இல்லாமல் ஒரு மரபாகத் தளிர்க்கத் தொடங்கியிருந்தது.

கணவனும் மனைவியுமாய் நகைச்சுவை நடத்தியவர்கள் அக்காலத்தில் உலகின் பிற பகுதிகளிலும் இருந்தனர். அமெரிக்காவில் ஜார்ஜ் பர்ன்சும் கிரேசி ஆலனும், இங்கிலாந்தில் ஜாக் ஹல்பர்ட்டும் சிசிலி கோர்ட்னிட்ஜும் அத்தகையோர். முதல் உலகப் போரில் கணவர் படைக்குச் சென்றபோது சிசிலி தனியாக இசைக்கூட மேடைகளில் ஏறித் தம் நகைச்சுவைத் திறனைக் கண்டறிந்தார். இணையில் ஒருவர் அகன்றால் மற்றவர் என்னாவார் என்னும் கேள்வி அவருக்கு அவ்வாறு வந்தது. மதுரத்துக்கு அது மிகக் கொடிய வடிவில் வந்தது.

சிறைக் காலம்

1944 தீபாவளிக்கு ஹரிதாஸ் வெளியாயிற்று. எம். கே. தியாகராஜ பாகவதர் தலைவராகவும் கிருஷ்ணனும் மதுரமும் நகைச்சுவைப் பகுதியிலும் நடித்த அப்படம் சென்னை பிராட்வே அரங்கில் மூன்று தீபாவளிகளைக் கண்டது. அது ஓடத் தொடங்கிய சில வாரங்களில், நவம்பர் 8 அன்று, நடிகர்களின் தனிவாழ்வை இழித்தெழுதிவந்த இந்துநேசன் இதழின் லட்சுமிகாந்தன் சென்னை வேப்பேரியில் கத்தியால் குத்தப்பட்டு மறுநாள் இறந்தார். டிசம்பரில் பாகவதரும் கிருஷ்ணனும் கைது செய்யப்பட்டனர். 1945 மே மாதம் இருவருக்கும் ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. அவ்வாண்டு அக்டோபரில் உயர்நீதிமன்றத்தில் மேல்முறையீடும் தள்ளுபடியாயிற்று.

இந்நிலையை எண்ணிப் பார்த்தல் வேண்டும். பிராட்வே அரங்கின் திரையில் நாள்தோறும் மதுரமும் கிருஷ்ணனும் மக்களைச் சிரிக்கவைத்துக்கொண்டிருந்தனர். திரைக்கு வெளியே ஒருவர் சிறையில்; மற்றவர் வழக்கறிஞர்களின் அலுவலகங்களில். இணையாகவே அறியப்பட்ட நடிகைக்கு இணை இல்லாமற் போயிற்று. வீட்டில் பெரிய குடும்பம். வெளியே கணவரின் பெயரில் இயங்கிய என். எஸ். கே. நாடக சபை, அதனை நம்பி வாழ்ந்த நடிகர்கள், வாத்தியக்காரர்கள், தொழிலாளர்கள். எஞ்சியிருந்த ஒரே வழி இலண்டன் பிரிவி கவுன்சில். அவ்வழிக்குப் பெரும்பொருள் தேவை.

மதுரம் ஒதுங்கவில்லை. எஸ். வி. சகஸ்ரநாமத்தின் துணையோடு நாடக சபையைத் தொடர்ந்து நடத்தினார். சபைக்குள் பிணக்கு எழுந்தது. கே. ஆர். ராமசாமி பிரிந்து சென்று கிருஷ்ணன் நாடக சபையைத் தொடங்கினார். பிரிந்த குழுவும் சிறையில் இருந்தவரின் பெயரையே தாங்கியது. அக்குழுவில்தான் பின்னாளில் அறிஞர் அண்ணாவின் வேலைக்காரி அரங்கேறியது. வழக்குச் சுமையும் குழுப்பிணக்கும் ஒருசேர வந்த நிலையிலும் மதுரம் தம் பக்கத்து மேடை விளக்கை அணையவிடவில்லை.

சகஸ்ரநாமம் எழுதிய பைத்தியக்காரன் நாடகம் அந்நாளில் அச்சபைக்குப் பெரிய வெற்றியைத் தந்தது. பெண்ணுக்கு இழைக்கப்படும் திருமணக் கொடுமையைச் சாடிய சீர்திருத்த நாடகம் அது. அதனையே படமாக்கும் முயற்சியும் தொடங்கியது. கிருஷ்ணன்–பஞ்சு இயக்கினர். பின்னாளில் புகழின் உச்சிக்குச் சென்ற எம். ஜி. ஆர். அதில் ஒரு சிறு வேடம் ஏற்றார். நாடகமும் படமும் வழக்கின் பொருட்டு நடந்தவை என்பதை யாவரும் அறிவர். ஆனால் அவை வெறும் பொருளீட்டும் முயற்சிகளாக நின்றுவிடவில்லை. கணவர் எந்தக் கருத்துகளுக்காக நகைச்சுவையைக் கையாண்டாரோ, அக்கருத்துகளை அவர் இல்லாதபோதும் மேடையில் பேசவைத்தவர் மதுரம்.

பிரிவி கவுன்சிலில் டி. என். பிரிட் வாதாடினார். வழக்கு மீண்டும் சென்னை உயர்நீதிமன்றத்தின் ஆய்வுக்கு அனுப்பப்பட்டது. அங்கே வி. எல். எத்திராஜின் வாதத்திறன் துணைநின்றது. 1947 ஏப்ரலில் இருவரும் விடுதலை பெற்றனர். இரண்டேகால் ஆண்டுக்கும் மேற்பட்ட சிறைவாழ்வு முடிவுற்றது.

விடுதலைக்குப் பின் இருவரும் சென்ற வழிகள் வேறுபட்டன. பாகவதரின் பழைய புகழ் மீளவில்லை. 1948-இல் வந்த ராஜமுக்தி தொடங்கி அவருடைய படங்கள் முன்போல் எடுபடவில்லை. கிருஷ்ணனோ விட்ட இடத்திலிருந்து மேலே ஏறினார். அதற்குக் காரணங்கள் பல. காலம் இசைத்தலைவனைக் கைவிட்டு வசனத்தின் பக்கம் சாய்ந்தது ஒரு காரணம். மற்றொரு காரணம் போதிய அளவு பேசப்படுவதில்லை. சிறைக்கதவு திறந்தபோது கிருஷ்ணனுக்கு ஏறி நிற்க ஒரு மேடை ஆயத்தமாய் இருந்தது. உருவாகிக்கொண்டிருந்த பைத்தியக்காரன் படத்தில் அவருக்கென ஒரு பகுதி சேர்க்கப்பட்டு, 1947-ஆம் ஆண்டிலேயே அவர் மீண்டும் திரையில் தோன்றினார். அம்மேடையைக் காத்துவைத்திருந்தவர் மதுரம்.

மீண்டும் இருவராய்

அடுத்த பத்தாண்டுகள் இவ்விணையின் கனிந்த காலம். 1949-இல் வந்த நல்லதம்பி, அறிஞர் அண்ணா திரைக்கு எழுதிய முதல் முயற்சி. மதுவிலக்கையும் கல்வியையும் வலியுறுத்திய அப்படத்தில் கிருஷ்ணனின் கிந்தனார் கதாகாலட்சேபம் பெரும்புகழ் பெற்றது. அதே படத்தில் அறிவியலின் வளர்ச்சியைக் கனவு காணும் கணவனும் மனைவியும் பாடும் பாடலொன்று உண்டு. கணவன் தன் கனவுகளை அடுக்குகிறான். மனைவி தன் பங்குக்குத் தன் கனவுகளை வைக்கிறாள். அடுப்படிப் பெண்ணுக்கு அணுவைப் பற்றி என்ன தெரியும் என்னும் ஏளனத்துக்கு அப்பாடலில் இடமில்லை. எள்ளல் நிகழ்கிறது, ஆனால் அது பெண்ணைக் குறிவைப்பதன்று. அதனைத் தமிழ்நாடு முழுவதும் முணுமுணுத்தது என்றால், அதில் பாதி மதுரத்தின் குரலால் நேர்ந்தது.

கிருஷ்ணன் இயக்கிய மணமகள் (1951), பணம் (1952) ஆகிய இரு படங்களுக்கும் கலைஞர் மு. கருணாநிதி உரையாடல் எழுதினார். இரண்டிலும் மதுரம் நடித்தார். 1956-இல் வந்த மதுரை வீரனிலும் இவ்விணையைக் காணலாம். அதற்குள் டி. பி. முத்துலட்சுமி, எம். சரோஜா போன்றோர் நகைச்சுவையில் தமக்கென இடம்பெறத் தொடங்கியிருந்தனர். மனோரமா மேடையில் வளர்ந்துகொண்டிருந்தார். மறுமொழி சொல்லும் பெண் இனித் தமிழ்த் திரையில் வியப்புக்குரியவள் அல்லள் என்னும் நிலை உருவாகியிருந்தது.

கலைவாணரின் வள்ளன்மை பலரும் பாடியது. வந்தவர்க்கெல்லாம் வாரி வழங்கிய அக்கைக்குப் பின்னால், அடுத்த வேளைக்கு வழிதேட வேண்டிய இல்லமும் ஒன்று இருந்தது. கொடுத்தவரின் புகழில் அவ்வில்லத்தாரின் பொறுமைக்கும் பங்குண்டு. சிலம்பில் கண்ணகி வருந்துவது இழந்த பொருளுக்காக அன்று. விருந்தெதிர்கொள்ளும் பேற்றை இழந்ததற்காக. அந்த மரபின் நிழலில் வைத்தே இவ்வீட்டின் விருந்தோம்பலையும் எண்ண வேண்டும்.

1957 ஆகஸ்ட் 30 அன்று கிருஷ்ணன் மறைந்தார். அவருக்கு நாற்பத்தொன்பது வயதுகூட நிறையவில்லை. மதுரத்துக்கு முப்பத்தொன்பது.

எஞ்சிய பதினேழு ஆண்டுகள்

கணவர் மறைந்தபின் மதுரம் பதினேழு ஆண்டுகள் வாழ்ந்தார். அவ்வாண்டுகளைப் பற்றித் திரைவரலாறுகள் மிகச் சிறிதே பேசுகின்றன. இரு குரலுக்காக எழுதப்பட்ட பாடலை ஒரு குரல் மட்டும் பாட இயலாது என்பது ஒரு காரணமாகலாம். ஆனால் 1944-க்கும் 1947-க்கும் இடையில் அவர் தனித்து நின்று காட்டியதை நினைவில் வைத்தால், திறனின்மையால் அவர் ஒதுங்கினார் என எவரும் கூறமாட்டார். அன்று தனித்து நின்றது இணையை மீட்பதற்காக. 1957-க்குப் பின் மீட்க ஒருவர் இல்லை. வளர்க்கப் பிள்ளைகள் இருந்தனர்.

1969 சனவரியில் சென்னையில் கலைவாணரின் சிலையை முதலமைச்சர் அண்ணா திறந்துவைத்தார். அண்ணா கலந்துகொண்ட இறுதிப் பொதுநிகழ்ச்சி அதுவே. அடுத்த மாதம் 3-ஆம் நாள் அவரும் மறைந்தார். 1974-இல் சென்னையின் பாலர் அரங்கம் விரிவாக்கப்பட்டுக் கலைவாணர் அரங்கம் எனப் பெயர் பெற்றது. அதே 1974-இல்தான் மதுரம் அம்மையாரும் காலமானார்.

சிலையும் அரங்கமும் ஒருவர் பெயரில் நிற்க, மற்றவர் பெயர் எங்கே நிற்கிறது என்னும் கேள்வி இயல்பாய் எழும். நாகர்கோவில் ஒழுகினசேரியில் கிருஷ்ணன் கட்டிய வீட்டுக்கு அவர் இட்ட பெயர் மதுரபவனம். தம் புகழில் பாதிக்கு உரியவர் யார் என்பதை அவரே அப்பெயரில் அறிவித்துவிட்டார்.

கவிதை எழுதுவோர்க்கு மதுரத்தின் கலை வழங்கும் பாடம் எளிமையானது; கைக்கொள்ள அரியது. சொல்வதற்கு முன் கேட்பது. எதிராளி சொல்லி முடிக்கும்வரை பொறுப்பது. பொறுத்தபின் ஒரு சொல்லுக்கு மேல் செலவிடாதது. எதிர்ப்பாட்டின் ஓரடி அடுத்த அடியை எதிர்நோக்கியே நிற்கும். மதுரம் அந்த அடுத்த அடியாக இருபது ஆண்டுகளுக்கு மேல் திரையிலும் மேடையிலும் நின்றவர். பழைய படங்களைத் திரும்பக் காண்போர், கிருஷ்ணன் பேசும்போது கண்ணைச் சற்றே விலக்கி அருகில் நிற்கும் அம்முகத்தை நோக்கட்டும். சிரிப்பு அங்கேதான் உருவாகிக்கொண்டிருக்கும்.